நாலு விரல் கொய்யா

பாறைப்புதூர்க் கொய்யாவில் மனுஷக் கை விழுந்த வருஷம் மழை சுமார்தான், தேங்காய் விலை மட்டம், பஸ் எப்போதும்போலக் காலையில் ஒரு தடவையும் சாயங்காலம் ஒரு தடவையும் வந்து போய்க்கொண்டிருந்தது, மற்றபடி ஊரில் சொல்லும்படியாக ஒன்றும் மாறியிருக்கவில்லை. நாங்கள் அப்போதும் சந்தேகக்காரர்கள்தான். பால்காரரை எதிரில் நிற்க வைத்துக்கொண்டே பாலை ஒரு சொட்டு நகத்தில் விட்டு, வழிகிறதா நிற்கிறதா என்று பார்ப்போம், கல்யாணப் பத்திரிகை வந்தால் இவ்வளவு அவசரமாக ஏன் வைக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் மண்டபத்தின் பேரைப் படிப்போம், சாவு வீட்டுக்குப் போனால் மாலையைப் போடுவதற்கு முன்னால் பிணத்தின் மூக்கருகே ஒரு தரம் கையைக் கொண்டுபோய்விட்டு வருவோம். இதையெல்லாம் ஒரு குறை என்று நாங்கள் நினைத்ததில்லை. கல்லை வைரம் என்றும் வேரை மருந்து என்றும் விற்க வருகிற ஆட்களைப் பார்த்துப் பார்த்து வந்த புத்தி அது.

இந்த ஊரில்தான் தெய்வானை பழக்கன்று வளர்க்கிற கொட்டகை வைத்திருந்தாள். கொய்யா, சப்போட்டா, எலுமிச்சை, மாதுளை என்று எல்லாக் கன்றும் அவளிடம் கிடைக்கும், ஆனால் அவள் பேர் வாங்கியது கன்றால் அல்ல, கன்று உட்கார்ந்திருந்த தொட்டியால். மற்ற இடங்களில் கறுப்புப் பாலித்தீன் பையில் கன்று வைப்பார்கள், நடும்போது பையைக் கிழிக்க வேண்டும், கிழிக்கும்போது பாதி வேர் பையோடு போகும், கிழித்த பை வாய்க்காலில் கிடந்து கடைசியில் ஏதாவது மாட்டின் வயிற்றுக்குள் போகும். தெய்வானையின் தொட்டியைக் கன்றோடு அப்படியே குழியில் இறக்கி மண்ணைத் தள்ளினால் போதும். தென்னை நார்க்கழிவு, மாட்டுச் சாணி, கொஞ்சம் செம்மண், சோற்றுக் கஞ்சி எல்லாவற்றையும் பிசைந்து, கவிழ்த்து வைத்த சொம்பின் மேல் அப்பி, வெறுங்கையால் அழுத்தி அழுத்தி எடுத்து நிழலில் காயவைத்த தொட்டி அது, இரண்டு மழையில் மண்ணோடு மண்ணாக மக்கி வேருக்கே எருவாகிவிடும். நார்த்தொட்டி என்போம். ஒரு தொட்டியை ஆரம்பித்த கையேதான் முடிக்க வேண்டும், நடுவில் கை மாறினால் காயும்போது வெடித்துவிடும் என்பது கொட்டகையின் சட்டம். அதனால் ஒவ்வொரு தொட்டியின் வெளிப்பக்கத்திலும் அதை அழுத்திய ஒருத்தியின் விரல் தடம் மட்டும் குழிகுழியாக இருக்கும்.

இந்தத் தொழிலை ஊருக்குக் கொண்டுவந்தவன் தெய்வானையின் புருஷன் சென்னியப்பன். நார் மில்லில் வேலை பார்த்தபோது வலது கை மோதிர விரலை மிஷினுக்குக் கொடுத்துவிட்டு வந்தவன், கூடவே நார்க்கழிவை இலவசமாக வாங்கிக்கொள்கிற வழியையும் தெரிந்துகொண்டு வந்தான். தொட்டி அழுத்துவதை ஒரு வாரம் தெய்வானைக்குச் செய்துகாட்டினான், பிறகு கட்டிலில் உட்கார்ந்துகொண்டான், அதன் பிறகு எழுந்திருக்கவில்லை. அவன் கையைப் பார்த்துப் பார்த்து அவள் அழுத்தினாள், அவன் வாயால் வியாபாரம் பார்த்தான். நல்ல வாய். ஒரே கன்றுகளை இரண்டு பேருக்கு விற்று இரண்டு பேரிடமும் முன்பணம் வாங்குவான், அது பழகிப்போனதும் மூன்று பேருக்கு விற்றான், மூன்று பேரும் ஒரே நாளில் வண்டி கட்டிக்கொண்டு வருகிற அன்று காலை பஸ்ஸில் திருப்பூர் போய்வருகிறேன் என்று ஏறினான், திரும்பவில்லை. தெய்வானை அந்த மூன்று பேருக்கும் கன்று வளர்த்துக் கொடுத்தாள். காலனியிலிருந்து வீராயியையும் இன்னும் இரண்டு பெண்களையும் கூட்டு சேர்த்துக்கொண்டு இரவல் கொட்டகையைச் சொந்தக் கொட்டகை ஆக்கினாள். வீராயி அவளை அக்கா என்று கூப்பிடுவாள், அது எங்களில் சிலருக்குத் தொண்டையில் முள்ளாக இருந்தது, ஆனால் கன்று நன்றாக இருந்ததால் பேசாமல் இருந்தோம். புருஷன் போனபிறகு தெய்வானைக்குச் சாப்பாடு இறங்கியது, தூக்கம் வந்தது, ஒரு சுற்றுச் சதைகூடப் போட்டாள். அதையும் நாங்கள் கவனித்து வைத்துக்கொண்டோம்.

தொட்டியோடு நடச் சொன்னதை முதலில் யாரும் நம்பவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. பாதிப் பேர் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தொட்டியை உரித்துவிட்டு நட்டார்கள், வேர் அறுந்து கன்று செத்தது, கொட்டகையில் வந்து சத்தம் போட்டார்கள். மீதிப் பேர் தொட்டியோடு நட்டுவிட்டு, மக்கிவிட்டதா என்று எட்டு நாளைக்கு ஒரு தரம் தோண்டிப் பார்த்தார்கள். ஊரிலேயே பெரிய தோப்பு வைத்திருந்தவரும் பஞ்சாயத்துப் பேசுகிறவருமான பெரியதோட்டத்துக்காரர் மண்வெட்டியோடேயே கொட்டகைக்கு வந்தார்.

"மக்கும் மக்கும்னியே, எங்க மக்குது? நானும் தோண்டித் தோண்டிப் பாக்கறேன், வெச்சது வெச்சபடி இருக்குது."

"தோண்டாம உட்டீங்கன்னா மக்குமுங்க."

"ஏன், நான் பாத்தா அதுக்கு வெக்கமா?"

"அதுக்கில்லீங்க, வேருக்கு" என்றாள் தெய்வானை, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

தோண்டிய கன்றெல்லாம் போக, தோண்டச் சோம்பல்பட்டவர்களின் கன்றுகள் பிழைத்தன, அடுத்த வருஷம் பார்த்துப் பெரியதோட்டத்துக்காரரும் தோண்டாமல் நட்டார், ஊர் முழுக்கக் கொய்யா நின்றது, பூத்தது, பிஞ்சு விட்டது. பிஞ்சு எலுமிச்சை அளவு ஆனதும் அதன் தோலில் பள்ளம் விழுந்தது. பூச்சி என்றார்கள், மருந்து அடித்தார்கள். பள்ளம் இன்னும் தெளிவானது. பழம் முற்றி மஞ்சள் பிடித்தபோது ஒவ்வொரு பழத்திலும் அதை இறுக்கிப் பிடித்துவிட்டு இப்போதுதான் விட்டது போல ஒரு கை இருந்தது, விரல் விரலாகக் குழி, கட்டைவிரலுக்குத் தனியாக ஒரு குழி, உள்ளங்கை பட்ட இடத்தில் ரேகை. பழம் பெரிதோ சிறிதோ, கை மட்டும் ஒரே அளவு. மண்ணுக்குள் தொட்டி மக்கிவிட்டது, அதை அழுத்திய கை மக்காமல் வேர் வழியாக ஏறி மரத்துக்கு வந்துவிட்டது என்பதைப் பார்த்ததுமே எல்லாரும் புரிந்துகொண்டார்கள், அதில் யாருக்கும் பெரிய ஆச்சரியம் இல்லை. எங்களுக்கு இருந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான், இது யார் கை.

அந்தக் கேள்வியின் அர்த்தம் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது, எங்களுக்கு நன்றாகப் புரியும். கொய்யாவைப் பறிக்க வேண்டுமானால் பிடிக்க வேண்டும், பிடித்தால் நம் விரல்கள் தாமாகப் போய் அந்தக் குழிகளை ஒட்டிக்கொள்ளும், இன்னொருத்தர் செருப்புக்குள் காலை விட்டது போல இன்னொருத்தி கை இருந்த இடத்தில் நம் கை இருக்கும், கொஞ்சம் வெதுவெதுப்பாகவும் இருக்கும். தன் புருஷன் மரத்தடியில் அதிக நேரம் நிற்கிறான் என்று பெண்கள் தொரட்டியைப் பிடுங்கித் தாங்களே பறிக்கப் போனார்கள். தெய்வானை நீங்கலாகக் கொட்டகைப் பெண்கள் மூன்று பேரையும் வரிசையாக நிறுத்தி, ஆளுக்கொரு பழத்தைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்லி, எந்தத் தோப்பில் யார் கை என்று ஊர் பிரித்துக்கொண்டது. பெரியதோட்டத்துக்காரர் தோப்பில் பாதிக்குமேல் வீராயியின் கை, சின்னக் கை, கட்டைவிரல் கொஞ்சம் வளைந்தது. அந்த மரங்கள்தான் ஊரிலேயே இனிப்பு. அவர் மூன்று நாள் சாப்பிடவில்லை, பிறகு ஆட்களைத் துண்டு சுற்றிப் பறிக்கச் சொன்னார், பிறகு யாரும் இல்லாத மத்தியான வேளையில் தோப்புக்குள் தனியாகப் போய்வரத் தொடங்கினார், வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவார். நாங்கள் வேலியோரம் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வந்துவிடுவோம்.

மண்டிக்காரர் முதல் லோடைத் திருப்பி அனுப்பினார், யாரோ அமுக்கிப் பார்த்த பழம் என்று. இரண்டாவது லோடை நகரத்தில் கேட்டு வாங்கினார்கள். பிடிப்பதற்கு வசதியாக இருக்கிறதாம், பிள்ளைகள் பிடித்த பிடியை விடாமல் சாப்பிடுகிறார்களாம். அதிலிருந்து விலை ஏறியது, விலை ஏறியதும் கை பட்ட பழத்தில் இருந்த தீட்டெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. கோயிலுக்குப் படைக்கலாமா என்று மட்டும் ஒரு பேச்சு நடந்தது, படைத்துவிட்டுத் துண்டால் மூடிவிடலாம் என்று முடிவானது.

இப்படியே போயிருந்தால் அதிசயம் அத்தோடு முடிந்து அன்றாடக் காரியமாகியிருக்கும். ஆனால் ஊரில் எல்லாத் தோப்பிலும் பரவலாக, எண்ணிக்கையில் மற்ற எல்லாரையும்விட அதிகமாக, ஒரு கை இருந்தது. அதில் நாலு விரல்தான். மோதிர விரல் இருக்க வேண்டிய இடம் வழுவழுவென்று இருந்தது.

"சென்னியப்பன்" என்றான் அவன் அண்ணன் நாச்சிமுத்து, பழத்தைக் கீழே போட்டுவிட்டு. தம்பி போனதிலிருந்து அவன் பங்குத் தென்னந்தோப்பையும் சேர்த்து ஓட்டிக்கொண்டிருந்தவன் இந்த நாச்சிமுத்து. "அய்யோ, எந்தம்பி கை!"

ஊர் கொட்டகைக்குப் போனது. தெய்வானை ஈரக் கையோடு எழுந்து வந்தாள். பழத்தைப் பார்த்தாள், சிரித்தாள், அந்தச் சிரிப்புதான் அவளுக்கு வினையாகிப் போனது.

"இது எங்கையிங்க மாமா. அவருகிட்டப் பாத்துத்தான நான் படிச்சேன்? அவரு நாலு விரல்ல அமுக்குவாரு, அப்பிடித்தான் அமுக்கோணும்போலன்னு நானும் இந்த விரலத் தூக்கிட்டே அமுக்குவேன். அதே பழகிருச்சு. இங்க பாருங்க." அங்கேயே உட்கார்ந்து ஒரு தொட்டியை எங்கள் கண்முன்னால் அழுத்திக்காட்டினாள், மோதிர விரல் மட்டும் காற்றில் விறைத்துக்கொண்டு நிற்க. பிறகு பழத்தை எடுத்துப் பிடித்தாள், அளவு எடுத்துத் தைத்த ஜாக்கெட் போல விரல்கள் போய் உட்கார்ந்தன.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எவ்வளவு தயாராக வைத்திருக்கிறாள் பதிலை!

"விரல மடக்குனா யாரு கை வேணும்னாலும் நாலு விரல் கைதான்" என்றார் பெரியதோட்டத்துக்காரர்.

"அளவப் பாருங்க. அவரு கை இத்தாச்சோடு இருக்கும்" என்று தெய்வானை இரண்டு கையையும் அகட்டிக் காட்டினாள்.

"செத்தவன் கை வத்தித்தான போகும்?" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். அதுவரை யாரும் சாவு என்கிற வார்த்தையை எடுத்திருக்கவில்லை. எடுத்ததும் எல்லாருக்கும் அது முன்பே தெரிந்திருந்தது போல இருந்தது, அவள் சதை போட்டது, நன்றாகத் தூங்கியது, திருப்பூரில் யாரிடமும் விசாரிக்காதது எல்லாம் வரிசையாக வந்து அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. கொன்று எருக்குழியில் போட்டிருக்கிறாள், அந்தச் சாணியை எடுத்துத் தொட்டி செய்திருக்கிறாள், அவன் கை மரத்துக்கு ஏறியிருக்கிறது.

எருக்குழியைத் தோண்டினோம். தோண்டுவதில் எங்களுக்கு நல்ல பழக்கம் இருந்தது. கறுப்பாக, மணமாக, கையில் எடுத்தால் உதிர்கிற எரு வந்தது, மண்புழு வந்தது, ஒரு பழைய பிளாஸ்டிக் சீப்பு வந்தது, வேறொன்றும் வரவில்லை. ஒன்றும் வராததுதான் எங்களுக்கு உறுதியான சாட்சியாக ஆயிற்று, ஏனென்றால் எதையும் தடயமில்லாமல் மக்கவைக்கிற வித்தையில் இந்தச் சுற்றுவட்டாரத்தில் தெய்வானையை விட்டால் ஆள் கிடையாது. நாச்சிமுத்து தலையை மழித்துக்கொண்டு தம்பிக்குக் கருமாதி செய்தான், தன் தோப்பில் இருந்த நாலு விரல் மரம் ஒன்றின் அடியில் கல் நட்டு மஞ்சள் பூசினான், நாளாக ஆக அந்தக் கல்லுக்குப் பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் ஆட்கள் மாலையும் தேங்காயும் கொண்டுவந்தார்கள். காணாமல் போன ஆடு, ஓடிப்போன மருமகன் எல்லாம் அங்கே வேண்டினால் கிடைக்கும் என்று பேச்சு. நாலு விரல் பழத்தை ஆண்கள் யாரும் கையால் தொடுவதில்லை, பெண்கள்தான் கண்ணை மூடிக்கொண்டு பறித்துக் கூடையில் போட்டார்கள். மண்டியில் அதற்குத் தனி விலை.

கன்று மட்டும் தெய்வானையிடம்தான் வாங்கினோம். வேறு எங்கே கிடைக்கும் இப்படிக் கன்று? ஆனால் கொட்டகையில் தண்ணீர் கொடுத்தால் குடிக்க மாட்டோம், பொங்கலுக்கு அவள் பானையைக் கோயில் வாசலில் சேர்க்கவிடவில்லை, அவள் தெருவில் வந்தால் பிள்ளைகள் எருக்குழி எருக்குழி என்று கத்திக்கொண்டு ஓடும், கண்டிக்க வேண்டிய நாங்கள் கண்டிக்கவில்லை. போட்ட சதையெல்லாம் வடிந்து அவள் பழையபடி எலும்பாக ஆனாள். பழையபடி கோயிலில் பானை வைக்க வேண்டும், தன் வீட்டுச் சோற்றை நாலு பேர் சாப்பிட வேண்டும், இதைத் தவிர அவளுக்கு ஒரு ஆசையும் இல்லை என்று வீராயி வந்து எங்களிடம் அழுதாள்.

"அந்தாள ஒருக்காக் கொண்டாந்து ஊரு முன்னால நிறுத்திட்டாப் போதும்க்கா" என்று அவள்தான் தெய்வானையிடம் சொன்னது. தெய்வானைக்கும் அது சரி என்று பட்டது. திருப்பூர் போகிறவர்கள், வருகிறவர்கள், லாரி டிரைவர்கள் எல்லாரிடமும் சொல்லி அனுப்பினாள். ஒரே ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போகட்டும், நான் ஒன்றும் கேட்க மாட்டேன், சோறு போட்டு அனுப்பிவிடுகிறேன் என்று. போனால் போகட்டும் என்று விட்ட புருஷனுக்காக அவள் செவ்வாய்க்கிழமை தோறும் விளக்குப் போட்டதை நாங்கள் நல்ல நடிப்பு என்று பேசிக்கொண்டோம்.

அவன் வந்தான். சாயங்கால பஸ்ஸில், வெள்ளை வேட்டியும் கைப்பையுமாக, நன்றாகத் தின்று ஊறின உடம்போடு சென்னியப்பன் இறங்கினான். தெய்வானை சொல்லி அனுப்பியதற்காக அவன் வரவில்லை. திருப்பூர் மார்க்கெட்டில் தள்ளுவண்டியில் ஒரு கொய்யாவைப் பார்த்திருக்கிறான், நாலு விரல் குழி. கையை வைத்துக்கூடப் பார்க்கவில்லை, விலையை மட்டும் விசாரித்துவிட்டு பஸ் ஏறிவிட்டான்.

கொட்டகைக்குள் போய் நேராகப் பழைய கட்டிலில் உட்கார்ந்தான். தெய்வானை அவனைப் பார்த்ததும் ஓவென்று அழுதுவிட்டாள், சந்தோஷத்தில் அழுத அழுகை அது, நாங்கள் வாசலில் நின்று பார்த்தோம். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைத்தான்.

"ஏ தெய்வான, ஊரெல்லாம் எங்கையி காச்சுத் தொங்குது, ஒரு வார்த்த சொல்லி உட மாட்டியா? செரி, போச்சாது. இனிமே நாம் பாத்துக்கறேன். திருப்பூர்ல ஒரு பார்ட்டிகிட்டப் பேசி அட்வான்சு வாங்கிட்டேன், தொட்டிய மிசினு வெச்சு அடிச்சரலாம், அச்சுல நாலு விரல வெட்டி வெச்சாப் போதும். இந்தக் காலனிப் புள்ளைங்களக் கணக்கு முடிச்சு அனுப்பிரு. நாளைக்குத் தோட்டக்காரங்க கிட்டெல்லாம் பங்கு பேசோணும். எங்கையி விழுந்த பழம், எனக்குப் பங்கில்லீங்களா?"

வீராயி சாணிக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். தெய்வானை அழுகையை நிறுத்தியிருந்தாள்.

மறுநாள் காலை பெரியதோட்டத்துக்காரர் தோப்பில் ஊர் கூடியது. பங்கு என்கிற சொல் அதற்குள் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்திருந்தது, ஆகவே எங்களுக்கு இந்த ஆள் மேல் நல்ல சந்தேகம் பிறந்திருந்தது. முகம் சென்னியப்பன் முகம்தான், குரலும் அதுதான், ஆனால் சென்னியப்பனுக்குத்தான் கருமாதி ஆகிவிட்டதே. கல் நட்டு, ஆட்கள் வந்து, வேண்டுதல் பலித்து, ஓடிப்போன மருமகன்கூட ஒருத்தன் திரும்பி வந்தாயிற்றே. ஒரு வருஷமாக ஊரே ஒருமித்துத் தெரிந்து வைத்திருந்ததை ஒரு பஸ் வந்து இல்லை என்று சொல்வதா?

"பழத்தப் புடிச்சுக் காட்டப்பா" என்றார் பெரியதோட்டத்துக்காரர்.

சென்னியப்பன் சிரித்துக்கொண்டே நாலு விரல் பழம் ஒன்றைப் பறித்துப் பிடித்தான். விரல்கள் குழிகளில் உட்காரவில்லை. திருப்பிப் பிடித்தான், அழுத்திப் பிடித்தான், குழியை விட்டு விரல் வழிந்தது, கட்டைவிரல் வேறெங்கோ போய் நின்றது, பழம் பிதுங்கி அவன் வேட்டியில் வடிந்தது. இன்னொரு பழம் பறித்தான், அதுவும் அப்படியே. செத்தவன் கை வற்றும் என்று சொன்ன அதே ஆட்கள் இப்போது ஒருவரைப் பார்த்து ஒருவர் தலையை ஆட்டினார்கள், கை சேரவில்லை, ஆகவே ஆள் இவன் இல்லை.

"எந்தம்பி கை சின்னது" என்றான் நாச்சிமுத்து, நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

"ஏண்ணா! நாந்தாண்ணா! மில்லுல விரலு போனன்னைக்கு நீதான என்னையத் தூக்கிட்டு ஆசுபத்திரிக்கு ஓடுன?"

நாச்சிமுத்துவின் வாய் கோணியது. அவனுக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது, அதை நாங்கள் பார்த்தோம், ஆனால் அவன் பின்னால் தம்பி பங்குத் தென்னந்தோப்பு நின்றது. "ஊருக்கே தெரிஞ்ச சங்கதிதான் அது" என்றான்.

சென்னியப்பனுக்கு அப்போதுதான் பயம் வந்தது. பெண்கள் பக்கம் திரும்பினான். "அவளக் கேளுங்க! கட்டுன பொண்டாட்டி நிக்கறா, அவளக் கேளுங்க!"

எல்லாரும் தெய்வானையைப் பார்த்தோம். பக்கத்தில் நின்ற வீராயி அவள் முந்தானையை இழுத்தாள். "சொல்லுங்கக்கா. இவருதான்னு ஒரு வார்த்த சொன்னா இன்னையோட உங்க பேரு சுத்தம். பானை வெக்கலாம். அப்பறம் நாங்க எப்பிடியோ பொழச்சுக்கறோம்."

தெய்வானை அவன் பக்கம் திரும்பினாள். விளக்குப் போட்டுக் கேட்டது எதிரில் வேட்டியில் கொய்யாச் சதை ஒட்ட நின்றுகொண்டிருந்தது. ஆமாம் என்றால் அவள் கொலைகாரி இல்லை, கட்டில் அவனுக்கு, கொட்டகை அவனுக்கு, மூன்று பேருக்கு விற்ற கன்றை வளர்த்துக் கொடுக்கிற வேலை அவளுக்கு. எங்களுக்கே தெரிந்தது அவளுக்குத் தெரியாதா? கண்ணைத் துடைத்துக்கொண்டு பெரியதோட்டத்துக்காரரிடம் பேசினாள்.

"ஏனுங்க, இத்தன நாளு ஊரே கூடிச் சொன்னீங்க, இப்ப என்னையக் கேக்கறீங்க? நீங்க சொன்னதுதானுங்க நெசம். எம் புருசன நாந்தான் கொன்னேன். எருக்குழியில போட்டு மக்க வெச்சேன். நீங்க தோண்டறதுக்குள்ள எலும்புகூட மக்கிப்போச்சு. இவரு யாருன்னு எனக்குத் தெரியாதுங்க."

தோப்பு முழுக்க ஒரு பெருமூச்சு வந்தது. எவ்வளவு பெரிய ஆறுதல் அது! இத்தனை நாள் சந்தேகமாக மட்டும் இருந்தது அவள் வாயாலேயே வந்துவிட்டது, நாங்கள் ஒருவரும் தப்பாக நினைக்கவில்லை, செய்த கருமாதி வீணாகவில்லை, நட்ட கல்லைப் பிடுங்க வேண்டியதில்லை.

"நான் அப்பவே சொன்னேன்" என்றார் பெரியதோட்டத்துக்காரர்.

"அடிப்பாவி! உசுரோட நிக்கறேன், கொன்னேங்கறா! நீங்களும் கேட்டுட்டு நிக்கறீங்களே, உங்களுக்கெல்லாம் கண்ணில்லையா?" என்று சென்னியப்பன் கத்தினான். கத்திக் கத்திக் குரல் உடைந்தது.

"ஏப்பா, நீ யாரோ எவரோ. இது எங்க ஊரு சங்கதி, நீ எதுக்கு நடுவுல வாரே?" என்று அவனை நாங்கள் மரியாதையாகவே சொல்லி அனுப்பினோம். காலை பஸ் நின்றுகொண்டிருந்தது. நாச்சிமுத்துதான் திருப்பூருக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தான், வழியில் சாப்பிட இரண்டு இளநீரும் வெட்டிக் கொடுத்தான், அண்ணன் என்று சொல்லாமல் செய்ய முடிந்தது அவ்வளவுதான். பஸ் கிளம்பியதும் சென்னியப்பன் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என்னவோ சொன்னான், அந்த நாலு விரலை நாங்கள் எல்லாரும் பார்த்தோம், யாரும் யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை.

கொட்டகைக்குத் திரும்பும் வழியெல்லாம் வீராயி அழுதுகொண்டே வந்தாள். "ஏனுங்கக்கா இப்பிடிச் சொன்னீங்க? காலம் பூராக் கொலகாரின்னு கூப்புடுவாங்களே."

"கூப்புட்டுட்டுப் போறாங்க. ரோட்டுல போறப்பக் கேக்கும், வீட்டுக்கு வந்துட்டாக் கேக்காது" என்றாள் தெய்வானை. "அந்தாளு கட்டல்ல வந்து உக்காந்தா நான் எங்க போவேன், நீ எங்க போவே?"

சாயங்காலம் லோடு ஏற்ற வந்த மண்டிக்காரர் சங்கதியைக் கேட்டுவிட்டு, வாயாலேயே ஒப்புக்கொண்ட பிறகு போலீசில் சொல்லாமல் விடுவது தப்பில்லையா என்று கேட்டார். வெளியூர்க்காரர், அவருக்கு என்ன தெரியும்? சொல்லத்தான் நினைத்தோம். ஆனால் கொலையானவனை நாங்களே டிக்கெட் எடுத்து பஸ் ஏற்றி அனுப்பிவிட்டு, அவனைக் கொன்றுவிட்டாள் என்று எந்த வாயால் போய்ப் புகார் கொடுப்பது?